கடன் கேட்கும் முன் ஆலோசனை: டி.ஐ.சி.யா, ஆர்செட்டியா, தஞ்சாவூரா?

ஒரு சிற்றூரில் வீட்டிலேயே கம்பு மாவு, சத்துமாவு, கம்பு லட்டு செய்து, அக்கம்பக்கத்திலும் நாலைந்து கடைகளிலும் விற்கும் ஒரு பெண்மணி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வியாபாரம் சூடுபிடிக்கிறது. சின்னதாக ஒரு யூனிட் போடலாம் என்று நினைக்கிறார். வறுக்கும் இயந்திரம், அரைக்கும் இயந்திரம், பாக்கெட் சீல் செய்யும் இயந்திரம், வாடகை இடத்தைச் சரிசெய்யும் செலவு எல்லாம் சேர்த்து 8 லட்சம் ரூபாய் ஆகும். கையில் 80,000 ரூபாய் இருக்கிறது.

சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதுவதும், வங்கிக்குத் திட்ட அறிக்கை தயாரித்துத் தருவதும் என் வேலை. இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எந்தத் திட்டத்துல மானியம் அதிகம்?"

அதற்குப் பதில் சொல்லிவிடலாம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டமான பி.எம்.இ.ஜி.பி.யில் ஊரகப் பகுதிப் பெண்ணுக்கு 35 சதவீத மானியம். 8 லட்சத்துக்கு 2.8 லட்சம். சொந்தப் பணம் 5 சதவீதம் போட்டால் போதும். உணவுப் பொருள்களுக்கென்றே 2020 ஜூனில் வந்த பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்திலும் அதே 35 சதவீதம், மானியத்துக்கு உச்சவரம்பு 10 லட்சம், சொந்தப் பணம் 10 சதவீதம். வேலையற்ற இளைஞர்களுக்கான மாநில அரசின் யு.ஒய்.இ.ஜி.பி. திட்டத்தில் 25 சதவீதம், அதாவது 2 லட்சம். பார்த்தால் தெரியும், முதல் இரண்டுக்கும் மானியத்தில் ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. அந்தப் பணமும் உடனே கைக்கு வராது. மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே இருந்து, கடன் ஒழுங்காக நடந்தால்தான் கணக்கில் கழிக்கப்படும். அந்த மூன்று ஆண்டு தொழில் தாக்குப்பிடித்தால்தான் மானியம் என்ற பேச்சே. தாக்குப்பிடிப்பதற்கு வேண்டியது ஆலோசனையும் பயிற்சியும்.

அதற்கு அரசு நிறையவே செலவு செய்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சொல்லித்தர நான்கைந்து இடங்கள் இருக்கின்றன. எல்லாம் நம் வரிப்பணம். பிரச்சினை என்னவென்றால், எல்லா இடத்திலும் ஒரே ஆலோசனை கிடைக்காது. அதிகாரிகள் நல்லவர்களா இல்லையா என்பதைப் பொறுத்து இது மாறுவதில்லை. அந்த அலுவலகத்தின் வேலையை மேலிடம் எதை வைத்து அளக்கிறதோ, ஆலோசனையும் அந்தப் பக்கமே சாயும். என் அனுபவத்தில், எங்கே போவது என்று முடிவு செய்ய இதைவிடத் தெளிவான வழி வேறு இல்லை.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த இடம், மாவட்டத் தொழில் மையம். டி.ஐ.சி. என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். 1978இல் நாடு முழுவதும் தொடங்கியது. சிறு தொழில் செய்கிறவர் ஒவ்வொரு துறையாக அலையாமல் மாவட்டத்தில் ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். இன்றும் மின் கட்டண மானியம், முதலீட்டு மானியம், பலவகை அனுமதிகள், மேலே சொன்ன கடன் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் அங்கேதான் போக வேண்டும். எந்தத் திட்டத்துக்கு நாம் தகுதி, எதற்குத் தகுதி இல்லை என்று அவர்களைப் போலச் சரியாகச் சொல்ல ஆள் கிடையாது. உதாரணமாக, பி.எம்.இ.ஜி.பி. புதிய தொழிலுக்கு மட்டுமே. ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்குக் கிடையாது, முன்பே வேறு அரசு மானியம் வாங்கியவருக்கும் கிடையாது. நம் கம்பு மாவுக்காரர் ஏற்கெனவே தொழில் செய்கிறவர் என்பதால் அவருக்குப் பொருந்துவது பி.எம்.எஃப்.எம்.இ. இந்த ஒரு விஷயம் தெரியாமல் மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். (பி.எம்.எஃப்.எம்.இ. 2025-26 வரை நீட்டிக்கப்பட்ட திட்டம். விண்ணப்பிக்கும் நாளில் நிலவரம் என்ன என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.)

ஆனால் டி.ஐ.சி.க்கு ஒவ்வொரு நிதியாண்டுக்கும், ஒவ்வொரு திட்டத்துக்கும் மாவட்டவாரியாக இலக்கு உண்டு. இத்தனை விண்ணப்பம், இத்தனை கடன் ஒப்புதல், இத்தனை லட்சம் மானியம். அதனால் அங்கே பேச்சு திட்டத்தில் தொடங்கித் திட்டத்தில்தான் முடியும். "உங்கள் மாவு எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?" என்று கேட்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை, அது அவர்கள் வேலையும் இல்லை. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: டி.ஐ.சி. பரிந்துரைதான் செய்யும். கடன் கொடுப்பதா வேண்டாமா என்பது வங்கியின் முடிவு. அங்கே மேனேஜர் கேட்கும் கேள்விகளுக்குப் பரிந்துரைக் கடிதம் பதில் சொல்லாது.

பி.எம்.எஃப்.எம்.இ.யில் இன்னொரு வசதி உண்டு. மாவட்ட வளப்பயிற்றுநர் என்று ஒருவர் இருப்பார், டி.ஆர்.பி. என்பார்கள். திட்ட அறிக்கை எழுத, விண்ணப்பம் ஏற்ற, வங்கிக்கு நடக்க, உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்க எல்லாவற்றுக்கும் கூடவே வருவார். நம்மிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. ஒப்புதலாகும் ஒவ்வொரு கடனுக்கும் அவருக்கு அரசு 20,000 ரூபாய் தருகிறது. பாதி கடன் ஒப்புதலானதும், மீதி பதிவுகளும் செயலாக்கமும் முடிந்த பிறகு. நல்ல ஏற்பாடு. இவர்களால் கடன் கிடைத்த எளிய குடும்பங்கள் நிறைய. ஆனால் இங்கேயும் அளவுகோல் கடன்தான். "அக்கா, இப்ப 8 லட்சம் வேண்டாம், 3 லட்சத்தில் ஆரம்பியுங்கள்" என்றோ, "ஆறு மாதம் கழித்து வாங்குங்கள்" என்றோ சொல்ல அவருக்குக் காரணம் இல்லை. எனவே எவ்வளவு கடன், எப்போது என்பதை நாம் முடிவு செய்த பிறகு போய்ப் பார்க்க வேண்டிய ஆள் அவர்.

அடுத்தது ஆர்செட்டி. ஊரக சுய வேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் என்பது முழுப் பெயர். என்னைக் கேட்டால் இந்த வரிசையிலேயே மிகவும் குறைவாக மதிக்கப்படுகிற, மிகவும் பயனுள்ள இடம் இதுதான். 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில், தர்மஸ்தலாவின் கல்வி அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து ஒரு பயிற்சி நிலையம் தொடங்கின. அது நன்றாக நடந்ததைப் பார்த்து, 2009 முதல் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் அதே முறையை மாவட்டத்துக்கு ஒன்றாகக் கொண்டுவந்தது. மாவட்டத்தில் மற்ற வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கிதான் நடத்தும். கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் கனரா, தஞ்சாவூர், சிவகங்கை பக்கம் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, சேலம், தருமபுரி பக்கம் இந்தியன் வங்கி. தங்கும் இடம், சாப்பாடு, பயிற்சி எல்லாமே இலவசம். தையல், இருசக்கர வாகனப் பழுது, ஆடு வளர்ப்பு, அழகுக்கலை, அப்பளம் ஊறுகாய் மசாலாப் பொடி என்று ஆறு நாளிலிருந்து ஒன்றரை மாதம் வரை வகுப்புகள்.

தொழிலைக் கற்றுத்தருகிற இடம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதைவிட முக்கியமானது அதோடு சேர்த்து நடக்கும் தொழில்முனைவு வகுப்பு. அதில் ஒரு விளையாட்டு உண்டு. தரையில் ஒரு குச்சி நட்டிருப்பார்கள். வளையத்தை எறிந்து அதில் மாட்ட வேண்டும். எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதை எறிகிறவரே முடிவு செய்யலாம். சிலர் குச்சிக்குப் பக்கத்திலேயே நின்று சுலபமாகப் போடுவார்கள். சிலர் ஆர்வக்கோளாறில் மூலைக்குப் போய் நின்று, ஒன்றுகூட விழாமல் திரும்புவார்கள். நடுவில் நின்று, விழவில்லை என்றால் ஒரு அடி முன்னே, விழுந்தால் ஒரு அடி பின்னே என்று மாற்றிக்கொள்கிறவர்கள் சிலர். முடிந்ததும் பயிற்றுநர் கேட்பார்: "நீங்க ஏன் அங்க நின்னீங்க?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான், எட்டு லட்சம் கடன் கேட்டவர் ஏன் எட்டு என்று முதல்முறையாக யோசிக்கிறார். வேடிக்கைக்காகச் சேர்த்த விளையாட்டு இல்லை இது. அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லேலண்டின் ஆய்வுகளிலிருந்து வந்தது. 1964இல் ஆந்திரத்தின் காக்கிநாடாவில் சிறு வணிகர்களுக்கு அவர் குழு நடத்திய பயிற்சிதான் இந்தியாவில் இந்த வகைப் பயிற்சிகளுக்கு முன்மாதிரி.

ஆர்செட்டி எப்படி அளக்கப்படுகிறது? பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே தொழில் தொடங்கினார்கள், எத்தனை பேருக்கு வங்கிக் கடன் கிடைத்தது என்று. பயிற்சிக்குப் பிறகு இரண்டு ஆண்டு அவர்கள் பின்தொடர வேண்டும். போன் செய்வார்கள், நேரில் வந்தும் பார்ப்பார்கள். கடன் வாங்கித் தருவதோடு வேலை முடிவதில்லை என்பதுதான் இங்கே பெரிய வித்தியாசம். நடத்துவது வங்கி என்பதால், வங்கி மேனேஜர் என்ன கேட்பார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். பி.எம்.இ.ஜி.பி. கடனுக்கான கட்டாயப் பயிற்சியையும் இங்கேயே முடித்துக்கொள்ளலாம். குறை என்றால், இது ஊரகப் பகுதியினருக்கானது. நகரத்தில் இருப்பவருக்கு இடம் கிடைப்பது கடினம். அப்புறம், இருபத்தைந்து முப்பது பேர் சேர்ந்தால்தான் ஒரு பேட்ச் தொடங்கும். நமக்கு வேண்டிய பாடம் எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு நாள் முழுக்க வகுப்பில் இருப்பது பெரும் சிரமம்.

சென்னை கிண்டிப் பக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் இருக்கிறது தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம். 2001இல் மாநில அரசு தொடங்கியது. அகமதாபாத்தில் இதே போன்ற பெயரில் இருப்பது வேறு நிறுவனம், குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏற்றுமதி, இணைய விற்பனை, பேக்கரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று இரண்டு மூன்று நாள் வகுப்புகள் அடிக்கடி நடக்கும். அறிவிப்பு நாளிதழ்களில் வரும். கட்டணம் உண்டு, குறைந்த வாடகையில் தங்கவும் இடம் தருவார்கள். ஏற்கெனவே தொழில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு குறிப்பிட்ட விஷயம் மட்டும் தெரிய வேண்டும் என்பவருக்கு நல்ல இடம். ஒன்றுமே தொடங்காதவர் மூன்று நாள் உட்கார்ந்து சான்றிதழோடு திரும்பினால் பெரிய பயன் இல்லை. கிண்டியிலேயே மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டு அலுவலகமும் இருக்கிறது. உதிரிபாகம், பிளாஸ்டிக், தோல் போன்ற உற்பத்தி யூனிட்டுகளுக்கு அது உதவும். நம் கம்பு மாவுக்கு அவ்வளவு தேவைப்படாது.

நம் கம்பு மாவுக்காரர் முதலில் போக வேண்டிய இடம் இதுவரை சொன்ன எதுவும் இல்லை. வேளாண் அறிவியல் நிலையம், அல்லது தஞ்சாவூரில் இருக்கும் நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம்.

காரணம் கம்பிலேயே இருக்கிறது. அரிசியைவிடக் கம்பில் கொழுப்பு அதிகம், சுமார் 5 சதவீதம். முழுத் தானியமாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. அரைத்தவுடன் அந்தக் கொழுப்பும் தானியத்திலேயே இருக்கும் நொதியும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. சில நாட்களிலேயே காறல் வாடை அடித்து, நாக்கில் கசப்புத் தட்டும். வீட்டில் அரைத்து அதே வாரம் பக்கத்து வீட்டுக்கு விற்கும்வரை இது பிரச்சினையே இல்லை. கடைக்குப் போட்டால் பாக்கெட் மூன்று வாரம் அலமாரியில் நிற்கும். வாங்கியவர் ஒருமுறை முகம் சுளித்தால் அப்புறம் அந்தக் கடையில் நமக்கு இடம் இல்லை. இதற்கு வழி உண்டு: அரைப்பதற்கு முன் கம்பை ஆவியில் காட்டியோ வேறு முறையில் சூடேற்றியோ, நன்றாக உலர்த்திவிட்டால் நொதியின் வேகம் அடங்கிவிடும். ஈரப்பதம் எவ்வளவு இருக்க வேண்டும், எந்த வகைப் பாக்கெட் காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் என்பதெல்லாம் சோதித்துச் சொல்ல வேண்டியவை.

இப்போது அந்த 8 லட்சம் கொட்டேஷனை எடுத்துப் பாருங்கள். அதில் வறுக்கும் இயந்திரம் இருக்கிறது, அரைக்கும் இயந்திரம் இருக்கிறது. ஆவி காட்டும் அமைப்பும் உலர்த்தியும் இல்லை. அந்தப் பட்டியலை வைத்து டி.ஐ.சி.க்குப் போயிருந்தால் கடன் கிடைத்திருக்கும், மானியமும் வந்திருக்கும், மாவுதான் கெட்டிருக்கும். பொருளைப் பற்றிய ஆலோசனை கிடைக்காமல் திட்ட அறிக்கையில் ஒரு வரிகூட எழுத முடியாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் தொடங்கியது நம் பக்கத்தில்தான், 1974இல் புதுச்சேரியில். இன்று பெரும்பாலான மாவட்டங்களில் உண்டு. மனையியல் பிரிவு விஞ்ஞானி ஒருவர் இருப்பார். சிறுதானிய மதிப்புக்கூட்டல் பயிற்சி ஒரு நாள், இரண்டு நாள் என்று நடக்கும். திருவண்ணாமலைப் பக்கம் இருப்பவர்களுக்கு அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையமே இருக்கிறது. இன்னும் ஆழமாக வேண்டும் என்றால் தஞ்சாவூர் நிஃப்டெம். டெல்டாவில் மழையில் நனைந்து வரும் நெல்லை எப்படிக் காப்பாற்றுவது என்ற ஒரே கேள்விக்காக 1967இல் திருவாரூரில் தொடங்கிய ஆராய்ச்சிக் கூடம்தான், படிப்படியாக வளர்ந்து 2021இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆகியிருக்கிறது. அங்கே பயிற்சியோடு, அவர்கள் இயந்திரத்தில் கட்டணம் கட்டி நம் பொருளையே செய்து பார்க்கலாம். பரிசோதனைக் கூடமும் உண்டு. இயந்திரம் வாங்குவதற்கு முன்பே அந்த இயந்திரத்தில் நம் கையால் மாவு எடுத்துப் பார்க்கிற வாய்ப்பு இது. சில ஆயிரம் ரூபாய் செலவாகும். எட்டு லட்சத்துக்கு முன்னால் அதைச் செலவாகவே நினைக்க வேண்டாம்.

இங்கே குறை வேறு மாதிரி. இவர்களுக்குப் பொருள் தெரியும், சந்தை தெரியாது. தொழில்நுட்பம் எத்தனை பேரைப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் இவர்களுடைய அளவுகோல். பொருள் நன்றாக வந்துவிட்டது என்ற உற்சாகத்தில், அதை யார் என்ன விலைக்கு வாங்குவார்கள் என்பது விட்டுப்போகும். ஒரு சின்னக் கணக்கு. மாதம் 100 கிலோ மாவு, கிலோ 400 ரூபாய்க்குக் கடைகளுக்குப் போடுகிறார். மாதம் 40,000 ரூபாய்ச் சரக்கு. கடைக்காரர் பணம் தர ஒன்றரை மாதம் ஆகிறது. அப்படியானால் எப்போதும் 60,000 ரூபாய் கடைகளிலேயே நிற்கும். அந்தப் பணம் வரும்வரை கம்பு வாங்குவது எப்படி? உத்யம் என்ற மத்திய அரசின் சிறு தொழில் பதிவைச் செய்த சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் நாளைக்கும் சரக்குப் போட வேண்டிய மளிகைக் கடைமேல் யாரும் புகார் கொடுப்பதில்லை. எனவே நடைமுறை மூலதனத்தை முதலிலேயே கடன் தொகைக்குள் சேர்த்துக் கேட்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட ஆர்செட்டி வகுப்பில் சொல்லித்தருவார்கள்.

மகளிர் குழுவில் இருக்கும் பெண்களுக்கு மற்றொரு இடமும் உண்டு. வாழ்ந்து காட்டுவோம் திட்டத்தின் கீழ் சில வட்டாரங்களில் தொடங்கிய மதி சிறகுகள் தொழில் மையங்கள். தொழில் திட்டம் எழுதுவது, பதிவுகள், வங்கி இணைப்பு எல்லாம் ஒரே கூரையின் கீழ், வீட்டுக்குப் பக்கத்திலேயே. எல்லா ஊரிலும் இல்லை. உங்கள் வட்டாரத்தில் இயங்குகிறதா என்று மகளிர் திட்ட அலுவலகத்தில் கேளுங்கள். இயங்கினால், கைக்குழந்தை காரணமாக ஆர்செட்டிக்குப் போக முடியாதவருக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

சரி, பணம் கொடுத்து ஒரு தனியார் ஆலோசகரிடம் போனால் என்ன? நானும் கட்டணம் வாங்கித்தான் அறிக்கை எழுதுகிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன். ஒரு கோடிக்கு மேல் முதலீடு, பல பங்குதாரர்கள், ஏற்றுமதி என்றால் தனியார் ஆலோசகர் தேவை. 8 லட்சத்துக்கு அவசியம் இல்லை. கடன் தொகையில், மானியத்தில் இத்தனை சதவீதம் கமிஷன் என்று கேட்கிறவரிடம் போகவே கூடாது. அவர் எழுதும் அறிக்கையில் முதல் ஆண்டு 60 சதவீத உற்பத்தி, இரண்டாம் ஆண்டு 70, மூன்றாம் ஆண்டு 80 என்று அச்சடித்தது போல இருக்கும். கோழிப்பண்ணைக்கும் அதே எண், கம்பு மாவுக்கும் அதே எண். வங்கியில் அதைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். உத்யம் பதிவு முற்றிலும் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போனிலேயே முடியும். அதற்கும் காசு கேட்கும் போலி இணையதளங்கள் உண்டு.

ஆக, உணவுப் பொருள் செய்கிறவருக்கு என் வரிசை இது: வேளாண் அறிவியல் நிலையம் அல்லது தஞ்சாவூர், பிறகு ஆர்செட்டி அல்லது மதி சிறகுகள், அதற்குப் பிறகுதான் டி.ஐ.சி. மூன்று நான்கு மாதம் தள்ளிப்போகும். போகட்டும்.

எல்லோருக்கும் இதே வரிசை பொருந்தாது. தொழிலை நன்றாகக் கற்ற பைக் மெக்கானிக் சொந்தக் கடை போடுகிறார் என்றால் நேராக ஆர்செட்டியின் தொழில்முனைவு வகுப்பு போதும், உடனே டி.ஐ.சி. போகலாம். பட்டியலினத்தவர், பழங்குடியினர் என்றால் டி.ஐ.சி.யை ஆரம்பத்திலேயே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியத்தோடு வட்டியிலும் 6 சதவீதம் அரசு ஏற்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் தொழிலின் அளவையே வேறு மாதிரி திட்டமிடலாம். முதல் தலைமுறைத் தொழில்முனைவோர் 10 லட்சத்துக்கு மேல் போட்டு உற்பத்தி யூனிட் தொடங்க நினைத்தால், 25 சதவீத மானியம் தரும் நீட்ஸ் திட்டத்தையும் அங்கேயே கேட்கலாம்.

டி.ஐ.சி.க்குப் போகும் நாளில் பரிசோதனைக் கூடத்தின் அறிக்கை, மாற்றி எழுதிய இயந்திரக் கொட்டேஷன் குறைந்தது இரண்டு கடையிலிருந்து, கடந்த ஆறு மாத விற்பனை எழுதிய நோட்டு, ஆர்செட்டி சான்றிதழ், உத்யம் பதிவு ஆகியவற்றை எடுத்துப் போங்கள். வங்கியில் அடமானம் கேட்டால், இந்த அளவிலான சிறு தொழில் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி விதியை மரியாதையாக நினைவுபடுத்துங்கள். அப்படியும் மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்கி, மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.